நாற்பது தாண்டினால் மரம்

ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கிற நேரம் சாலைக் கடைத்தெருவின் மத்தியானம் மாதிரி. ஆள் எல்லாரும் இருப்பார்கள், கவனம் ஒருவருக்கும் இருக்காது. போதகர் செல்வமணி சபைக்குப் புதிதாக வந்த இளம் வயதுக்காரர். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் கல்லாற்றுப் பயணம், போன வாரம் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன குடை என்று ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு போனார். பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் தாசம்மாள் கைப்பைக்குள் இருமல் மிட்டாயைத் துழாவிக்கொண்டிருந்தாள். குடைக்கு அடுத்தபடியாக ஓலை வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சபை நடுவே சொல்லி, தடை ஏதும் உண்டா என்று கேட்பதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள்.

“நம் சபையைச் சேர்ந்தவரும் ரயில்வேயில் ஓய்வு பெற்றவருமாகிய திரு. நேசையன் அவர்களுக்கும், நம் சபையைச் சேர்ந்தவரும் விதவையுமாகிய திருமதி தாசம்மாள் அவர்களுக்கும்...”

கைக்கு அகப்பட்ட மிட்டாய் மறுபடி பைக்குள் விழுந்தது.

“இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லலாம். இது முதலாம் ஓலை” என்று முடித்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார் போதகர். அந்தக் கேள்விக்கு அந்தச் சபையில் யாரும் பதில் சொன்னதில்லை. கடைக்காரன் ‘வேற ஏதாவது?’ என்று கேட்பதுபோல, கேட்பது ஒரு சம்பிரதாயம். அவ்வளவுதான்.

“தடை உண்டு.”

போதகர் நிமிர்ந்து பார்த்தார். நாலாவது பெஞ்சில் தாசம்மாள் எழுந்து நின்றாள். கீபோர்டு வாசிக்கிறவன் பதற்றத்தில் ஏதோ ஒரு கட்டையை அமுக்கிவிட்டான். அது தன்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் ஊளையிட்டு ஓய்ந்தது.

“யாருக்கும்மா தடை?”

“எனக்கு.”

“அம்மா, நீங்கதான பொண்ணு?”

“ஆமா. அந்த விஷயம் எனக்கும் இப்பத்தான் தெரியும்.”

ஆண்கள் பக்கம் மூன்றாவது தூணுக்குப் பின்னால் நேசையன் ஒதுங்கினார். தூண் ஒன்றும் பெரிய தூண் அல்ல. ஆனால் மனிதர் அதைவிட ஒல்லி.

ஆராதனை முடிந்ததும் போதகர் இருவரையும் அங்கி மாற்றும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். கதவுக்கு வெளியே ஐக்கிய சங்கம் முழுவதும் செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்றது.

“சார் வந்து சொன்னாரு, நீங்க சம்மதம்னு. ரெண்டு பேரும் சபையில மூத்தவங்க, கையெழுத்து பொறவு வாங்கிக்கலாம்னு நானும்...” என்று போதகர் இழுத்தார்.

“நான் எப்ப சம்மதம் சொன்னேன் சாரே?” தாசம்மாள் நேசையனைப் பார்த்துக் கேட்டாள்.

நேசையன் தரையைப் பார்த்தார். “நான் கேட்டப்போ தலை குனிஞ்சீங்களே, சகோதரி.”

“கயிறு எடுக்கக் குனிஞ்சேன்!”

நடந்தது அதுதான். கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்து கொஞ்சம் நடந்தால் தாசம்மாளின் பாத்திரக்கடை வரும். கணவர் போன பிறகும் கடையை மூடாமல் நடத்துகிறவள். வாங்க வருகிறவன் வாயைத் திறக்குமுன்னே அவன் பையில் எவ்வளவு, மனதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். புதன்கிழமை மத்தியானம் நேசையன் கடைக்கு வந்து, தனி ஆளுக்கு எந்த விதத்திலும் ஆகாத ஒரு பெரிய வெண்கல உருளியை வாங்கினார். பிறகு நிலவிளக்குகள் அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்தபடி, மீதி நாட்களை ஒரே கூரையின் கீழ் கழிப்பது பற்றி, விளக்குகளிடம் விண்ணப்பம் வைத்தார். தாசம்மாளுக்கு நெஞ்சு படபடத்தது நிஜம். “யோசிச்சுச் சொல்லுதேன்” என்று சொல்ல வாயெடுத்தவள், முகம் போன போக்கை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று உருளியைக் கட்டச் சணல் கயிறு எடுக்க மேசைக்கடியில் குனிந்தாள். நிமிர்ந்தபோது ஆள் இல்லை. உருளி மட்டும் அங்கேயே இருந்தது.

இதில் நேசையனைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அவர் எழுதிய புத்தகங்களில் அப்படித்தான் நடக்கும். வீரன் கேட்பான், பெண் தலை குனிவாள், அடுத்த அத்தியாயத்தில் மணியடிக்கும்.

தம்பானூர் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் தலைமைக் கிளார்க்காக இருந்தவர்தான் என்றாலும், நேசையனைப் பாறசாலை முதல் நாகர்கோவில் வரை சபைகளின் கன்வென்ஷன் கூட்டப் பந்தல்களுக்குத் தெரியும். ‘உப்புமலை’ என்று ஒரு கதை வரிசை. பதினொரு புத்தகங்கள். மாறன் என்று ஒரு வீரன், ஆகாயத்தில் போகும் ஓடங்கள், பேசுகிற காளை, நிழல் இல்லாத படைகள், கடைசியில் வெளிச்சம் ஜெயிக்கும். வேதத்தில் உள்ளதை வேறு உடுப்புப் போட்டுக் கொண்டுவந்த மாதிரி இருக்கும், ஆனால் உடுப்பு பிரமாதம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கிழியக் கிழிய வாசித்தார்கள். போதகர் செல்வமணியே அப்படி வாசித்து வளர்ந்தவர்தான். தாசம்மாளும் ஒன்று விடாமல் வாசித்தவள். பேசும் காளை செத்துப்போன இடத்தில் கடையிலேயே உட்கார்ந்து அழுது, தண்ணீர்க்குடம் வாங்க வந்தவளைப் பயமுறுத்தியிருக்கிறாள்.

போதகர் நாற்காலியில் உட்கார்ந்தார். “சட்டப்படி தடைன்னா மூணுதாம்மா. ரத்த உறவு, முந்தின துணை உயிரோட இருக்கது, வயசு. இதுல எது?”

“வயசு.”

“ஏம்மா, உங்களுக்குப் பதினெட்டு ஆகலையா?”

“அம்பத்தி மூணு ஆச்சு. அதாக்கும் தடை. சாரோட புஸ்தகமெல்லாம் நீங்க வாசிச்சிருக்கியல்லா? அதுல நாப்பது தாண்டுன பொம்பளை ஒருத்தி உயிரோட, மனுஷியா இருந்தாக் காட்டுங்க. இப்பவே கையெழுத்துப் போடுதேன்.”

“ஏன் இல்ல?” போதகர் உற்சாகமாக ஆரம்பித்தார். “மாறனோட அம்மா...”

“முதல் அத்தியாயம். காய்ச்சல்.”

“கோட்டைச் சீமாட்டி?”

“புன்னை மரமா நிக்கா.”

“அந்த நெசவுக்காரி?”

“ஒரு வார்த்தை பேசமாட்டா. பொறவு அவளும் மரம்.”

போதகர் விரல் மடக்கிக்கொண்டே வந்து நிறுத்தினார். குரலைத் தாழ்த்தினார். “சாம்பல் ராணி...”

“ஆமா. அவ ஒருத்திதான் நிலைச்சு நின்னா. வாயைத் தெறந்து நாலு வார்த்தை நறுக்குனு பேசுனவ அந்த நாட்டுலேயே அவ ஒருத்திதான். சூனியக்காரின்னு சொல்லி ஏழாவது புஸ்தகத்துல எரிச்சாச்சு.” தாசம்மாள் நேசையன் பக்கம் திரும்பினாள். “சாரே, எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. கல்யாணம் கழிஞ்சு உங்க வீட்டுக்கு வந்தா நான் மரமா நிக்கணுமா, எரியணுமா? அது தெரிஞ்சா ரெண்டுல எதுக்குத் தோதா சேலை எடுக்கதுன்னு பாக்கலாம்.”

நேசையன் யோசித்தார். பிறகு, “சகோதரி சொல்றதுல நியாயம் இருக்கு” என்றார்.

அவர் ஒத்துக்கொண்டது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஏன் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

தடை நீங்கியது என்று அம்மா வந்து சொல்கிறவரை இரண்டாம் ஓலை இல்லை என்று போதகர் தீர்ப்புச் சொன்னார். வெளியே ஐக்கிய சங்கத்துக்குச் செருப்பு கிடைத்துவிட்டது.

மகள் நீது கழக்கூட்டத்தில் கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள்; பேச்சில் பாதி மலையாளம். செய்தி அவளுக்கு மத்தியானச் சோற்றுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

“அம்மே, சர்ச்சுல எழுந்து நின்னு ஸீன் ஆக்கினியா? இங்க எனக்கு நாலு பேரு மெசேஜ் அயச்சாங்க!”

“கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.”

“ஆளு பாவமாக்கும் அம்மே. நல்ல மனுஷன். சிகரெட் இல்ல, குடி இல்ல, உரக்க ஒரு வார்த்தை பேசமாட்டாரு.”

“அதுதான்டி எனக்குப் பயம்.”

“எந்தா?”

தாசம்மாள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மீனைக் கழுவினாள். “உங்க அப்பாவுக்கும் எனக்கும் ஒரு நாள் சண்டை இல்லாம விடிஞ்சதில்ல. மீன்ல புளி கூடிப்போச்சுன்னு சண்டை, கடைக்கு என்ன சரக்கு எடுக்கதுன்னு சண்டை. அவரு போனப்பொறவு இந்த வீட்டுல நான் சொன்னதுதான் சட்டம். சட்டம் போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு. இந்த மனுஷன் வந்தா எனக்குக் கூட்டு வேணும். அவரு என்னைத் தேவதைன்னு தூக்கி அலமாரியில வச்சிட்டா, நான் கடை விளக்கு மாதிரி எதுத்துப் பேச ஆளில்லாம உக்காந்திருக்கணும்.”

நீது விடவில்லை. “பக்ஷே உனக்கு அவரை இஷ்டம்தானே?”

“மீன் கருகுது, வை” என்று தாசம்மாள் போனை வைத்தாள். மீன் இன்னும் சட்டிக்கே போகவில்லை.

அடுத்த வாரம் நேசையன் கடைக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் கொஞ்சம் தாள்கள். பன்னிரண்டாவது புத்தகத்தில் நாற்பது தாண்டிய பெண் ஒருத்தியை எழுதியிருப்பதாகவும், சகோதரி பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதில் முனைந்தார். அடுத்த கடையில் குடை, பை விற்கிற மைதீன், தன் கடைக்கு ஆள் வராத நேரம் பார்த்து இங்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான். தென்காசிப் பக்கத்து ஆள். எந்த வியாபாரம் படிந்தாலும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் அவனுக்கு.

தாசம்மாள் வாசித்தாள். அந்தப் பெண் நடந்தால் புல் மலர்ந்தது. தொட்டால் காயம் ஆறியது. வாயைத் திறந்தால் ஆசீர்வாதம் வந்தது.

“இவளுக்குப் பசிக்குமா சாரே?”

“பசியா?” நேசையன் யோசித்தார். “எழுதல. வேணும்னா எழுதிடுறேன்.”

“கோவம் வருமா?”

“வரணுமா? வரவச்சிடுறேன்.”

“தங்க முலாம் பூசின பித்தளை, சாரே. மினுக்கம் இருக்கு. தட்டினாச் சத்தம் இல்ல.”

நேசையன் தலையாட்டித் தாள்களை உறைக்குள் போட்டுக்கொண்டு போனார். சில நாளில் மறுபடி வந்தார். இந்தத் தடவை அந்தப் பெண் உப்புமலை அடிவாரத்தில் கடை வைத்திருந்தாள். மூன்று வேளை சாப்பிட்டாள். ஒரு இடத்தில் கோபமும் பட்டாள், ஈயின் மேல். மாறன் வந்து போருக்கு வாள் கேட்டதும், அவள் அலமாரியிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்து, கண்ணீரோடு, சும்மா கொடுத்தாள்.

“சும்மாவா?” என்றான் ஸ்டூலில் இருந்த மைதீன். “என்ன சார், முதலுக்கே மோசமாப் போயிருமே!”

“நாடு ஆபத்துல இருக்கில்லையா?” என்றார் நேசையன்.

“நாடு ஆபத்துல இருக்கப்பத்தான் சார் வாள் விக்கும்.”

தாசம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நேசையனைப் பார்த்தாள். சண்டைக்கு வரமாட்டாரா என்று ஒரு ஆசை. “நான் சொல்லுதேன் சாரே, இந்த அத்தியாயமே வேண்டாம். கிழிச்சுப் போடுங்க.”

“செரி சகோதரி” என்று அவர் அங்கேயே கிழிக்கப் போனார். மைதீன் பாய்ந்து கையைப் பிடித்தான்.

அவர் போன பிறகு தாசம்மாள் வெகுநேரம் எவர்சில்வர் தம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த தம்ளரையே மறுபடி துடைத்தாள். எந்த விலை சொன்னாலும் தலையாட்டுகிற ஆளிடம் என்ன பேச்சு நடக்கும்? அவள் போட்ட தடை தானாகவே கெட்டியாகிக்கொண்டு வந்தது. இப்படியே போனால் இரண்டாம் ஓலை வாசிக்கப்படாது. அதைத் தடுத்தவளும் அவளேதான்.

“சாரு இப்பிடி இருக்கதைப் பாத்தா எனக்கே ஆச்சரியமா இருக்குக்கா” என்றான் மைதீன். “சனிக்கிழமை தம்பானூர்ல அந்த மாடி ஹோட்டல்ல பாக்கணும் நீங்க. இவரும் இவரு கூட்டாளிகளும் எழுதினதை வாசிச்சு அடிச்சுக்கிடுவாங்க. சாரு போடுத சத்தத்துல கீழ ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்க மாட்டான்.”

“எந்த சாரு?”

“நேசையன் சாருதான்.”

“போடா, பொய் சொல்லாத.”

“மக்கத்துல கொண்டுவிட்டாலும் இதையே சொல்லுவேன்க்கா.”

சனிக்கிழமை தாசம்மாளுக்கு ஸ்டேஷனில் சரக்கு எடுக்க வேண்டியிருந்தது. எடுத்து வண்டியில் ஏற்றிவிட்டாள். வீட்டுக்குப் போயிருக்கலாம். போகாமல் அந்த ஹோட்டல் மாடிப்படியில் ஏறினாள். தனியாக வந்த பெண்பிள்ளையைப் பார்த்ததும் சப்ளையர் மரியாதையாகக் குடும்ப அறை என்று எழுதிய தடுப்புக்குள் உட்காரவைத்துப் பச்சைத் திரையை இழுத்துவிட்டான். திரைக்கு அந்தப் பக்கம் நாலு ஆண்கள். பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் சாயாவும் வெற்றிலை மணமும். அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல் ஒன்று, அவள் கேட்டே இராத உயரத்தில் முழங்கிக்கொண்டிருந்தது.

“ஆகாசத்துல போற ஓடத்துக்குத் துடுப்பு எதுக்குன்னு கேக்கேரே, காத்து என்ன சும்மாவா? காத்துக்கும் கனம் உண்டு ஓய்! உம்ம மூளைக்குத்தான் கனம் இல்ல!”

“ஹோமியோ டாக்டர் மூளையை இளக்காரமா பேசாதேயும்” என்றது இன்னொரு குரல். “துடுப்பை எடுத்துட்டுப் பாய் போடும்.”

“பாய் போட்டா அவன் படுத்துத் தூங்கிருவான் ஜெயன். எனக்கு மாறன் கஷ்டப்பட்டுத் துழாவணும். வேர்க்கணும். கை கொப்புளிக்கணும். வானத்துலயே போனாலும் மனுஷன் பாடுபட்டுத்தான் போகணும், தெரியுமா? ஒரு துடுப்பைக்கூட நான் எடுக்கமாட்டேன், நீர் தலைகீழா நின்னு ஹோமியோபதி பாத்தாலும்!”

மேசையில் விழுந்த அடியில் சாயா டம்ளர்கள் குலுங்கின. நாலு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் தாசம்மாளும் சிரித்துவிட்டாள். கன்னம் சூடாவதை உணர்ந்தாள். கடைக்கு வந்து மூக்குக் கண்ணாடி துடைக்கிற அந்த ஆசாமி யார், இவர் யார்? இத்தனை வருஷம் இந்தச் சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே வெறும் அட்டைப்பெட்டியை அல்லவா காட்டியிருக்கிறார்!

திரையை விலக்கினாள்.

சிரிப்பு நின்றது. நேசையன் எழுந்து நின்றார். எழும்போதே சுருங்கி, கண்ணாடியைக் கழற்றி, “சகோதரி... நீங்க இங்க... உக்காருங்க” என்றார். மற்ற மூவரும் வெற்றிலைத் தட்டை ஒளித்தார்கள்.

அந்த ஒரு நிமிஷத்தில் தாசம்மாளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “நான் வந்ததும் எதுக்கு ஒடுங்குதிய? இவங்ககிட்ட மேசையை உடைக்கிய, எங்கிட்ட வந்தா பூனைக்குட்டியா? செரி, நான் ஒண்ணு கேக்கேன். சாம்பல் ராணியை எதுக்கு எரிச்சிய?”

“அவ... கெட்டவ சகோதரி.”

“என்ன கெட்டது பண்ணினா? மலையிலே இருக்க ஒரே ஊத்து அவளுக்குள்ளது. தாகம்னு வந்தவன் மாறன். அவ தண்ணிக்கு ஒரு விலை சொன்னா. உன் நிழலைக் குடுன்னா. விலை கூடுதல்னா குறைச்சுக் கேக்கணும். இல்லன்னா இறங்கிப் போகணும். உடனே வாளை உருவுனா அது யாவாரமா, கொள்ளையா?”

“சகோதரி, அது அப்படி இல்ல...”

“பின்ன எப்படி? அவ நல்ல கடைக்காரி. நான் அந்த இடத்துல இருந்தாலும் அந்த விலைதான் சொல்லியிருப்பேன்.”

“சொல்லியிருக்க மாட்டிய!” நேசையனின் கை மேசையில் விழுந்தது. பழம்பொரித் தட்டு துள்ளியது. “நிழலுங்கேன்! மனுஷனோட நிழலு! அது விக்கக்கூடிய சரக்கா? எல்லாத்துக்கும் விலை உண்டுன்னு நினைச்சதுதான் அவ பண்ணுன பாவமே! பதினோரு புஸ்தகமா நான் தொண்டை வத்த அதைத்தான சொல்லிட்டு வாறேன்! நீங்க என்னத்த வாசிச்சிய தாசம்மா!”

தாசம்மா. ‘சகோதரி’ என்ற சொல் எங்கோ விழுந்து போயிருந்தது. தாசம்மாளுக்கு முதுகு நிமிர்ந்தது. அதோடு, அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்பதும் உறைத்தது. ஆனாலும் எதிராளி ஒரு நல்ல விலை சொன்னால் உடனே கையை நீட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“செரி. நியாயம். அப்ப அதை அவகிட்டச் சொல்லியிருக்கலாம்லா? அவ நாலு பக்கம் பேசுதா. உங்க மாறன் ஒரு வரி பதில் சொன்னானா? வாயே இல்லாதவன் மாதிரி நின்னுட்டு வாளை உருவுதான். சொல்லியிருந்தா அவளுக்குப் புரிஞ்சிருக்கும். எரிச்சா எப்படிப் புரியும்?”

நேசையன் கூட்டாளிகளைப் பார்த்தார். ஹோமியோ டாக்டர் ஜெயன் கூரையைப் பார்த்தார். நேசையன் மெதுவாக உட்கார்ந்தார். ஒடுங்கி உட்காரவில்லை, யோசிக்கிறவர் உட்காருவதுபோல உட்கார்ந்தார்.

“பதில் வரல” என்றார். “அந்த அத்தியாயத்தை வச்சுக்கிட்டு மாசக்கணக்கா இருந்தேன். அவ கேக்கதுக்கு மாறன் என்ன சொல்லுவான்னு எனக்கே தெரியல. வரல. பொறவு எரிச்சுட்டேன்.”

“எங்ககிட்ட அது ஆவிக்குரிய யுத்தம்னு சொன்னீரே ஓய்” என்றார் ஜெயன்.

“நீர் சும்மா இரும்.” நேசையன் தாசம்மாளைப் பார்த்தார். விளக்கையோ தரையையோ அல்ல, அவளை. “பதில் எப்படி வரும்? அந்தப் பேச்சு என் சொந்தச் சரக்கு இல்ல. பார்சல் ஆபீஸ்ல அண்டா நசுங்கி வந்துச்சுன்னு ஒரு தடவை கவுண்டர்ல நின்னு நீங்க நஷ்டஈடு கேட்டியளே, ஞாபகம் இருக்கா? ரயில்வே சட்டம், கம்பெனி சட்டம், தேவ சட்டம் எல்லாத்தையும் இழுத்தீங்க. நான் ஒரு வார்த்தை பேசல. அன்னைக்கு வீட்டுல போய் உக்காந்து அப்படியே எழுதினேன். சாம்பல் ராணி உங்களை மாதிரிதான் பேசினா. அவ பேசுறதைக் கேக்கவே ஆறு புஸ்தகம் அவளை வச்சிருந்தேன். நல்லவளாப் பேச வைக்க எனக்குத் தைரியம் இல்ல. நல்லவ அப்படிப் பேசினா நான் பதில் சொல்லணுமே.”

தாசம்மாளுக்குத் தன்னைச் சூனியக்காரி என்றவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. ஆறு புத்தகம் என்பது சின்ன விஷயமல்ல என்றும் தோன்றியது. மாலையும் பொன்னாடையும் போட்டுத் தன்னைப் புகழ்ந்திருந்தால்கூட இப்படி இருந்திருக்காது.

அதனாலேயே கடைசியாக ஒரு விலை சொல்லிப் பார்த்தாள். “அப்ப அவளை உசிரோட எழுப்புங்க. பன்னிரண்டாவதுல. நான் தடையை எடுத்துடுதேன்.”

மூன்று கூட்டாளிகளும் நேசையனைப் பார்த்தார்கள். ‘சரின்னு சொல்லும் ஓய்’ என்று ஜெயனின் புருவம் கெஞ்சியது.

“முடியாது” என்றார் நேசையன்.

“நானே கேட்டும் முடியாதா?”

“பிஷப் வந்து கேட்டாலும் முடியாது. செத்தவ செத்தவதான். தோணுனப்ப எழுப்பினா பொறவு என் கதையில எந்தச் சாவுக்குப் பிள்ளைங்க அழும்? காளைக்கு நீங்க அழுதியளே, அது என்ன ஆகும்? வேணும்னா நீங்க தடையை வச்சுக்கங்க. எனக்கு வருத்தம்தான். ஆனா எழுப்ப மாட்டேன்.”

வியாபாரத்தில் ‘இதுதான் கடைசி’ என்பதை ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் சொல்லுவார்கள். அதில் நிஜமான கடைசி எது என்பது தாசம்மாளின் காதுக்குத் தெரியும். இது நிஜம். இழக்கப் போவது என்ன என்று தெரிந்துகொண்டே ஒரு மனிதர் அவளிடம் முடியாது என்று சொல்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்குக் கொடுத்ததிலேயே பெரிய மரியாதை அதுதான். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டியது.

“செரி, வேற ஒருத்தி வருவாளா? பேசுதவ?”

“வருவா.” அவர் இப்போதே எழுதத் தொடங்கியவர்போலக் கண்ணைச் சுருக்கினார். “அடிவாரத்துக் கடைக்காரியையே வைப்பேன். ஆனா வாளைச் சும்மா குடுக்கமாட்டா. மாறன் கிட்ட விலை பேசுவா. இவனும் பேசுவான். யாரு ஜெயிப்பாங்கன்னு தெரியல.”

“அவளுக்கு என்ன பேசணும்னு நான் சொல்லித்தாறேன்.”

“சொல்லுங்க. மாறனுக்கு நான் இருக்கேன். ஒரு அங்குலம் விட்டுத்தர மாட்டேன், பாத்துக்கங்க.”

“விட்டுத்தந்தா எழுந்து போயிருவேன்” என்றாள் தாசம்மாள். பிறகு, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல், “போதகர்கிட்ட நாளைக்கே ரெண்டாவது ஓலையை வாசிக்கச் சொல்லிருங்க” என்றாள்.

“அதெல்லாம் சொல்லிக்கலாம்” என்று நேசையன் கையை வீசினார். “நிழலை விக்கலாம்னு சொன்னியளே, அதை முதல்ல முடிப்போம். எந்த நியாயத்துல விக்கலாம்? சொல்லுங்க.”

“ஓய் நேசையன்!” ஜெயன் அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். “அவங்க என்ன சொன்னாங்கன்னு காதுல விழுந்துச்சா? கல்யாணத்துக்குச் சம்மதம்னாங்க ஓய்!”

நேசையனின் முகத்தில் அது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. சேர்ந்ததும் காது வரை சிவந்தார். எழுந்திருப்பதா, உட்காருவதா, கண்ணாடியைக் கழற்றுவதா என்று தடுமாறி, மூன்றையும் பாதிப்பாதி செய்தார்.

தாசம்மாள் குடும்ப அறைத் திரையை ஓரத்துக்கு ஒரே இழுவையாக ஒதுக்கினாள். உள்ளே இருந்த நாற்காலியை வெளியே இழுத்து, ஆண்கள் மேசையில் அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். பழம்பொரியில் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

“விக்கக் கூடாது, செரி. ஒத்துக்கிடுதேன்” என்றாள். “வாடகைக்கு விட்டா?”